இருபதில் ஒருத்தி

அமெரிக்க நாட்டுக் கலாசாலைகள் ஜூன் மாதத் தொடக்கத்திலே மூடப்பட்டுச் செப்டெம்பரிலேதான் மீண்டும் திறக்கப்படுவது முன்னாளில் வழக்கமாயிருந்தது. இடைப்பட்ட மூன்று மாதங்களையும் வீட்டிலே படுத்துறங்கிக் கழித்த பிள்ளைகள் அங்கே குறைவு. தோட்டத்திற் பழம் பறித்தல், உணவுச்சாலையிற் பரிமாறுதல், பிறர் குழந்தைகளைப் பராமரித்தல், கடையிற் கணக்கெழுதுதல் என ஏதாவதொரு தொழிலை அவர்கள் தேடிக் கொள்வர். ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். நம்மவர் இதனைக் கேட்டால், ‘பட்டதாரியாக வேண்டிய பெண் எச்சிற் கோப்பை கழுவுவதா?’ என்று மூக்கில் விரலை வைப்பர். அந்த நாட்டிலோ அது குலத்துக்கு இழுக்கன்று, அடுத்த ஆண்டுப் படிப்புக்குப் பணம், அவ்வளவே.

அவ்வாறு கோடை தோறும் வேலைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகின்றோம். அவள் பெயர் சில்வியா பிளாத். பிற்காலத்திலே ஆங்கிலக் கவிதை உலகில் அழியாத இடத்தைப் பெற்றவள். ஆயினும் நாம் இங்கு பேசப்போவது அவளுடைய கவிதையைப் பற்றியன்று. 1953 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயோர்க் மாநகரிலே அவள் பார்த்த ஒரு மாத உத்தியோகத்தைப் பற்றியே பேசப்போகின்றோம்.

சில்வியா 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பொஸ்டன் நகரிலே பிறந்தாள். தந்தையார் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியற் பேராசிரியர். வண்டினங்களைப் பற்றி நூல் எழுதியவர். மகளுக்கு எட்டு வயதாயிருக்கும்போதே, 1940 இல், நீரிழிவு நோயின் விளைவாகக் காலமானார். தாயார் ஒரேலியா அம்மையார் அதே பல்கலைக்கழகத்தில் சுருக்கெழுத்து முதலிய அலுவலகக் கலைகளைக் கற்பித்து, மகளையும் மகனையும் தம் முதிய பெற்றோரோடு ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அந்தச் சிறிய வீட்டிலே தாய்க்கும் மகளுக்கும் படுக்கையறை ஒன்றே. சில்வியா பெண்களுக்கான பெயர்பெற்ற ஸ்மித் கல்லூரியிற் சேர்ந்ததும் புலமைப் பரிசில் ஒன்றின் உதவியினாலேயே. தாயார் கணக்குப் பார்த்துச் செலவழித்த ஒவ்வொரு டொலரையும் மகள் அறிந்திருந்தாள். இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் வருவனவற்றுக்கெல்லாம் இது அடிப்படை.

1950 ஆம் ஆண்டுக் கோடையிலே, கல்லூரி புகுமுன், அவள் ஒரு தோட்டத்தில் வேலை செய்தாள். வெயிலிலே குனிந்து நின்று ஸ்ட்ரோபெரிப் பழம் பறிப்பதும் கீரை வகைகளைக் கொய்வதும் தொழில். நாரி நொந்த அந்த வேலையிலிருந்து ஒரு கவிதையும் பிறந்தது. அது அந்த ஆகஸ்டிலேயே ஒரு பெரிய நாளிதழில் வெளிவந்தது. 1951 இல் கடலோர ஊரொன்றிலே ஒரு வைத்தியரின் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். 1952 இல் கேப் கொட் என்னும் கடற்கரைப் பகுதியில் ஒரு ஹோட்டலிற் பரிசாரகி ஆனாள். முன்னனுபவம் இல்லையென்று அவளைப் பிரதான மண்டபத்திலே விடாமல், சன்மானம் குறைவாகக் கிடைக்கும் பக்க மண்டபத்தில் விட்டார்கள். தட்டுக்களைச் சுமந்து நின்ற அந்த நாட்களில் ஒரு தந்தி வந்தது. ‘மாட்மொஸெல்’ என்னும் பெண்கள் சஞ்சிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் அவளுடைய கதைக்கு 500 டொலர் பரிசு! பக்கத்தில் நின்ற தலைமைப் பரிசாரகியை அவள் கட்டித் தழுவிக்கொண்டாளாம்.

அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி. கையிலே பரிமாறும் தட்டு. மறு கையிலே பரிசுத் தந்தி. இவ்வளவு தூய்மையான வெற்றி அவளுக்கு அடுத்த ஆண்டு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கிடைத்ததோ இதனிலும் எத்தனையோ மடங்கு பெரியதென்று ஊரெல்லாம் சொல்லிற்று.

‘மாட்மொஸெல்’ 1935 ஆம் ஆண்டு தொடங்கிய சஞ்சிகை. கலாசாலைப் பெண்களும், படித்து முடித்துப் புதிதாக உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய இளம் பெண்களுமே அதன் வாசகர்கள். உடை, ஒப்பனை, விருந்து ஆகியவை பற்றிய பக்கங்களுக்கிடையிலே நல்ல இலக்கியமும் அதில் வந்தது. ட்ரூமன் கப்போட்டி என்னும் எழுத்தாளரை உலகுக்கு அறிமுகப்படுத்திய சிறுகதைகளுள் ஒன்று 1945 இல் அதிலே வெளியானதுதான். அதன் ஆகஸ்ட் இதழ் ‘கலாசாலை இதழ்’ எனப்பட்டது. கல்லூரி திறக்குமுன் பெண்கள் என்னென்ன உடுப்பு வாங்கவேண்டும் என்று சொல்லும் இதழ் அது. ஆகவே விளம்பரத்தாற் பருத்துத் தடித்திருக்கும். அந்த இதழைத் தயாரிப்பதற்காக ஆண்டுதோறும் நாடெங்குமுள்ள கலாசாலைகளிலிருந்து போட்டி வைத்துப் பெண்களைத் தெரிவு செய்து, ‘விருந்தினர் பத்திராதிபர்கள்’ என்னும் பட்டத்துடன் ஒரு மாதத்துக்கு நியூயோர்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். 1953 இல் தெரிவானவர் இருபது பேர். சில்வியாவுக்கு அப்பொழுது வயதும் இருபது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தை நாம் சற்று நின்று பார்த்தல் நன்று. கெட்டிக்காரப் பெண்கள் இருபது பேர் ஒரு மாதம் கந்தோரில் இருந்தால், மற்ற மாணவிகள் எதனை வாங்குவர், எதனை விரும்புவர் என்பதைப் பத்திரிகை அறிந்துகொள்ளும். அவர்களையே புதிய உடைகளில் நிறுத்திப் படம் பிடித்தால் அதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை. உடுப்புத் தயாரிப்பாளரும் வாசனைத் தைலம் விற்பவரும் இப்பெண்களுக்கு விருந்து வைப்பர். பெண்களுக்கோ அச்சிலே பெயர் வரும், சம்பளம் வரும், நியூயோர்க் வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரு பக்கத்தாருக்கும் இலாபமே. ஆனால் ஒரு பெண் தான் எழுத்துக்காக அழைக்கப்பட்டாளா, முகத்துக்காக அழைக்கப்பட்டாளா என்ற ஐயத்தோடு அங்கே ஒரு மாதம் இருக்கவேண்டும். அந்த ஐயம் எல்லோரையும் வருத்துவதில்லை. சில்வியாவை வருத்தியது.

தங்கும் இடம் பார்பிஸன் ஹோட்டல். லெக்சிங்டன் அவெனியூவும் 63 ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், 1920களின் இறுதியில் எழுந்த இருபத்துமூன்று மாடிக் கட்டடம். பெண்களுக்கென்றே கட்டப்பட்டது. ஏறக்குறைய எழுநூறு அறைகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டிலும் மேசையும் நாற்காலியும் கொள்ளுமளவு சிறியவை. அங்கே இடம் பெற நன்னடத்தைக்குச் சாட்சிக் கடிதங்கள் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆண்கள் கீழ்த்தளத்து வரவேற்பு மண்டபத்துக்கு அப்பால் ஏறக்கூடாது. தந்தையானாலும் சரி, தமையனானாலும் சரி. மகளை மாநகருக்கு அனுப்ப அஞ்சிய பெற்றோர்க்கு அந்தப் பெயரே ஓர் ஆறுதலாக இருந்தது. நம் நாட்டிலே பெண்பிள்ளையைத் தலைநகருக்கு அனுப்பும் தந்தையார் முதலில் விசாரிப்பது விடுதியைப் பற்றித்தானே! அது அங்கும் அப்படித்தான். 1981 ஆம் ஆண்டிலேதான் அந்த ஹோட்டல் ஆண்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

சில்வியாவின் அறைச் சாளரத்தினூடாகக் கீழே தோட்டங்களும் சந்துகளும், தூண்களின்மீது கடகடவென்று ஓடிய மூன்றாம் அவெனியூப் புகைவண்டிப் பாதையும், அப்பால் அக்காலத்திற் புதிதாக எழுந்த ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடமும், ஆற்றின் ஒரு சிறு கீற்றும் தெரிந்தன. வந்த சூட்டோடு அவள் தாயாருக்கு இவற்றையெல்லாம் எழுதினாள். அந்தக் கடிதத்தைப் படிப்பவர் எவரும், ‘அடடா! என்ன பாக்கியசாலி!’ என்றே சொல்வர்.

வேலை எப்படி இருந்தது? ஒவ்வொரு பெண்ணுக்கும் சஞ்சிகையின் உண்மையான ஆசிரியர் ஒருவரின் நிழலாக ஒரு பதவி கொடுக்கப்படும். உடைப் பகுதிக்கு ஒருத்தி, அழகுப் பகுதிக்கு ஒருத்தி என்று இப்படி. சில்வியா விரும்பியது கதைப் பகுதியை. கொடுத்ததோ நிர்வாக ஆசிரியர் சிறிலி ஏபெல்ஸ் அம்மையாரின் கீழ் விருந்தினர் நிர்வாக ஆசிரியர் பதவி. பட்டியலில் அது உயர்ந்த பதவிகளுள் ஒன்று. ஏபெல்ஸ் அம்மையார் இலக்கியம் அறிந்தவர், பெரிய எழுத்தாளர்கள் பலரைத் தம் சஞ்சிகைக்குக் கொண்டுவந்தவர், வேலையிற் கண்டிப்பானவர். சில்வியாவின் மேசையை அவருடைய அறையிலேயே போட்டார்கள். வந்து குவிந்த கையெழுத்துப் பிரதிகளை வாசித்துக் கருத்தெழுதுவதும், தட்டெழுதுவதும், காலக்கெடு பிந்தாமல் பக்கங்களை ஒப்பேற்றுவதும் அவள் கடமை.

மற்றப் பெண்கள் பலர் பிற்பகலில் வெளியே உலாவச் சென்றபோது இவள் மேசையை விட்டு எழ முடியாதிருந்தாள். அவ்வாறாயின் அது மதிப்புக்குரிய வேலையன்றோ என்று நாம் கேட்கலாம். மெய்தான். அந்த மாதத்திலே அவள் செய்த உருப்படியான காரியங்கள் சிறியனவல்ல. எலிசபெத் போவன் என்னும் நாவலாசிரியரை நியூயோர்க் வருமுன்னரே, மே மாத இறுதியில், சந்தித்துச் செவ்வி கண்டிருந்தாள். ரிச்சர்ட் வில்பர், அந்தனி ஹெக்ட் முதலிய ஐந்து இளங் கவிஞரைப் பற்றிக் குறிப்பெழுதினாள். இதழின் முன்னுரையும் அவள் கைப்பட்டது. அவளுடைய கவிதையொன்றும் அதில் இடம் பெற்றது. இருபது வயதிலே இவ்வளவும் செய்த பிள்ளையை நாம் எமது வகுப்பிலே கண்டால் அதிபரிடம் அழைத்துச் சென்று காட்டியிருப்போம்.

ஆனால் அவள் எழுதியவை அவளுடையவை அல்ல என்றே அவளுக்குத் தோன்றியது. கடிந்துகொண்ட ஆசிரியர் திருத்தித் திருத்தி எழுதச் சொன்னார்; பத்திரிகையின் குலுக்கலும் குறும்பும் நிறைந்த நடை ஒன்று உண்டு, அதிலேயே எல்லாம் அமைய வேண்டும். கல்லூரியிலே எப்பொழுதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவளுக்கு, எவ்வளவு உழைத்தாலும் மதிப்பெண் போடாத ஓரிடம் அதுவே முதன்முறை. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். எப்பொழுதும் முதலாவதாக வரும் பிள்ளைதான் இரண்டாவதாக வரும் நாளிலே நம்மை அச்சுறுத்துகின்றது. வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளை எதனையும் தாங்கும்.

வேலைக்கு அப்பால் விருந்துகள். மாடியுச்சியிலே நடனம், ஆடை அலங்காரக் காட்சிகள், நாட்டியம், கூந்தல் அலங்கார நிலையம் என்று நாளொன்றும் வெறுமையாய்க் கழியவில்லை. ஒரு நாள் இருபது பேரையும் சென்ட்ரல் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, ஒரே விதமான கட்டமிட்ட பாவாடையும் சட்டையும் அணிவித்து, கைகோத்து விண்மீன் வடிவத்தில் நிறுத்தி, மேலேயிருந்து படம் பிடித்தார்கள். விண்மீனின் உச்சியில் நிற்பவள் சில்வியா. ஆகஸ்ட் இதழ் இலையுதிர்காலத்துக்கான இதழ். ஆகையால் பாவாடையோ தடித்த கம்பளித் துணி. காலமோ ஜூன். நியூயோர்க்கின் கோடையை அறியாதவர்கள் அதனைக் குளிர்நாட்டு வெயில்தானே என்று எண்ணுவர். கல்லும் தாருமான தெருக்களிலே கடற்காற்று நுழையாமல் வெப்பம் புழுங்கி நிற்கும் ஊர் அது. அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்க்குப் புன்னகைதான் தெரியும், வியர்வை தெரியாது. இன்னொரு படத்தில் அவள் கையிலே ஒரு ரோஜாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள்.

இடையிலே ஒரு விளம்பர நிறுவனத்தார் பெண்களை மதிய விருந்துக்கு அழைத்தனர். குளிரூட்டிய மண்டபம், அழகிய மேசை, நண்டு இறைச்சிக் கலவை. அன்றிரவு பார்பிஸன் ஹோட்டலின் மாடியிலே பெண்கள் பலர் ஒருவர் பின் ஒருவராய்க் குளியலறைக்கு ஓடினார்கள். நண்டு கெட்டுப் போயிருந்தது. சில்வியாவும் நோயுற்றுப் படுத்தாள்.

அவளுக்கு இதனிலும் பெரிய ஏமாற்றம் ஒன்று இருந்தது. வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தொமஸ் அப்பொழுது நியூயோர்க்கில் இருந்தார். அவரை அவள் தெய்வமாகவே போற்றினாள். ஏபெல்ஸ் அம்மையார் அவரோடு விருந்துண்டபோது இவளை அழைக்கவில்லை. இவள் அவர் தங்கிய செல்சி ஹோட்டலிலும், அவர் வழக்கமாகக் குடிக்கச் சென்ற மதுச்சாலையிலும் போய்க் காத்துக்கிடந்தாளாம். காணக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் அதே நகரில் இறந்துபோனார்.

இனி, அந்த மாதத்தின்மேல் விழுந்த நிழலைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத் நாட்டுக்குக் கொடுக்கச் சதி செய்தார்கள் என்ற குற்றத்தின்மேல் ஜூலியஸ் ரோசன்பேர்க், எதெல் ரோசன்பேர்க் என்னும் கணவன் மனைவியர்க்கு 1951 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. உலகெங்குமிருந்து கருணை மனுக்கள் வந்தும் பயனில்லை. 1953 ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலை, நியூயோர்க்குக்கு வடக்கேயுள்ள சிங் சிங் சிறையிலே இருவரும் மின்சார நாற்காலியில் ஏற்றப்பட்டனர். பத்து வயதும் ஆறு வயதுமான இரு ஆண்பிள்ளைகள் அவர்களுக்கு. அன்று காலை முதல் மாநகரத்துப் பத்திரிகைகளின் கொட்டை எழுத்துக்களெல்லாம் அதுவே. சஞ்சிகைக் கந்தோரில் ஓர் அழகிய பெண் கொட்டாவி விட்டபடி, அவர்கள் சாவதில் தனக்குச் சந்தோஷந்தான் என்ற பொருள்பட ஏதோ கூறியதைச் சில்வியா தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை, எல்லோரும் தத்தம் வேலையைப் பார்த்தார்கள் என்பதே அவளை உறுத்தியது. அந்த மாதம் முழுவதிலும் அவள் நாட்குறிப்பு எழுதிய நாட்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அன்று.

தாயாருக்கோ கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கண்ட காட்சிகள், உண்ட விருந்துகள், சந்தித்த பெரியோர் பற்றியெல்லாம் உற்சாகம் பொங்க எழுதினாள். தம்பி வாரனுக்கு எழுதிய கடிதத்திலேதான் உடல் அயர்வும் மனத்தடுமாற்றமும் வெளிப்பட்டன. வீட்டுக்கு வந்து நித்திரை கொள்ளவேண்டும் போலிருக்கிறதென்று அவனிடம் சொன்னாள். தாய்க்கு ஒரு கடிதம், தம்பிக்கு ஒரு கடிதம். இதை வஞ்சனை என்று சொல்லலாகாது. தனக்காகத் தேய்ந்த தாயிடம் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று எழுத எந்தப் பிள்ளைக்குக் கை வரும்? விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதப்படும் கடிதங்களில் ‘நான் நலம்’ என்ற சொல்லைத் தாய்மார் எத்தனை முறை வாசித்திருப்பார்கள்! தமையனுக்கும் தங்கைக்கும் வந்த கடிதங்களையும் அவர்கள் கேட்டு வாங்கி வாசித்தால் நன்று என்பது நம் எண்ணம். (இதற்காக நம்மீது இளையோர் கோபங்கொள்ளலாம், கொள்ளட்டும்.)

கடைசி இரவிலே ஒரு விசித்திரம் நடந்தது. நியூயோர்க்குக்கென்று காசைக் கொட்டி வாங்கிய உடைகளைச் சில்வியா ஹோட்டலின் மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொன்றாக இருளிலே வீசியெறிந்தாள். உள்ளாடையும் பாவாடையும் மாநகரத்துக் காற்றிலே மிதந்து சென்று எந்தக் கூரையில் விழுந்தனவோ! மறுநாட் காலையில் உடுத்துவதற்கு ஒன்றுமில்லை. தோழியொருத்தியிடம் தன் வீட்டு மேலங்கியைக் கொடுத்து மாற்றாக ஒரு பாவாடையும் சட்டையும் வாங்கி உடுத்துக்கொண்டு புகைவண்டி ஏறினாள்.

ஏழை வீட்டுப் பெண், கணக்குப் பார்த்து வளர்ந்தவள், அவ்வளவு விலையுள்ள துணியை வீசுவதா என்று நாமும் முதலில் எண்ணினோம். கணக்குப் பார்த்து வளர்ந்தவளாதலாலேதான் வீசினாள் என்று இப்பொழுது தோன்றுகிறது. அந்த உடைகளை அவள் தனக்காக வாங்கவில்லை. சஞ்சிகையின் படத்திலுள்ள பெண்ணுக்காக வாங்கினாள். அப்பெண்ணை அவள் வீட்டுக்கு அழைத்துப்போக விரும்பவில்லை.

வீட்டிலே இன்னொரு செய்தி காத்திருந்தது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்பிலே ஐரிஷ் எழுத்தாளர் பிராங்க் ஓகொன்னர் சிறுகதை கற்பிக்க இருந்தார். அந்த வகுப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இடமில்லை என்ற பதிலைத் தாயாரே சொல்ல வேண்டியதாயிற்று. அப்பொழுது மகளின் முகம் போன போக்கு அவரைத் திடுக்குறச் செய்தது. மகளுக்கு ஒரு பிடிப்பாகட்டும் என்று சுருக்கெழுத்துக் கற்பித்துப் பார்த்தார். கோடுகளும் வளைவுகளும் அந்தப் பிள்ளையின் மனத்திற் பதியவில்லை. நித்திரை போயிற்று. வாசிப்பும் போயிற்று. வைத்தியரிடம் கொண்டுபோனார்கள், அக்காலத்து மின்னதிர்ச்சிச் சிகிச்சை முறையாகக் கையாளப்படாததால் நோயைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் பிறந்தது. புத்தகக் கடைகளிலே ‘மாட்மொஸெல்’ கலாசாலை இதழ் தொங்கியது. உள்ளே விண்மீனின் உச்சியில் சில்வியா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாதம் 24 ஆந் திகதி அவள் வீட்டில் காணாமற் போனாள். பொஸ்டன் பத்திரிகைகள் படத்தோடு செய்தி வெளியிட்டன; பொலிசாரும் அயலவரும் காடுமேடெல்லாம் தேடினார்கள். மூன்றாம் நாள் அவளுடைய வீட்டுக்குள்ளேயே, நிலவறையின் ஒரு மூலையில், குற்றுயிராய்க் கண்டெடுத்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தாள். தேடும்போது தம்பியின் காதில் விழுந்த ஒரு முனகலே அவளைக் காப்பாற்றியது.

அதன் பின்னர் மக்லீன் வைத்தியசாலையிலே பல மாதம் சிகிச்சை. அவளுடைய புலமைப் பரிசிலை நிறுவிய நாவலாசிரியை ஒலிவ் ஹிக்கின்ஸ் பிரவுட்டி அம்மையார், தாமும் ஒரு காலத்தில் மனநோய்ப்பட்டு மீண்டவராதலால், செலவைப் பொறுப்பேற்றார். நல்ல பெண் வைத்தியர் ஒருவரும் வாய்த்தார். 1954 இன் தொடக்கத்தில் சில்வியா கல்லூரிக்குத் திரும்பினாள்; 1955 இல் மிக உயர்ந்த சிறப்புடன் தேறினாள்; புல்பிரைட் பரிசிலோடு கேம்பிரிட்ஜ் சென்றாள். நியூயோர்க்குக்குப் பின் அவளுக்கு ஏறக்குறைய பத்தாண்டு கிடைத்தது என்பதையும், அவள் கவிதைகளுள் பெரும் பகுதி அப்பத்தாண்டில் எழுந்தது என்பதையும், அந்தக் கோடையை மட்டுமே பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

அதே 1955 ஆம் ஆண்டு, அதே சஞ்சிகைக்கு, அதே ஹோட்டலுக்குக் கலிபோர்னியாவிலிருந்து இருபது வயதுப் பெண் இன்னொருத்தி வந்தாள். அவள்தான் ஜோன் டிடியன். அவளுக்கோ நியூயோர்க் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டு வேறொரு சஞ்சிகையின் போட்டியில் வென்று, அங்கேயே உத்தியோகம் பெற்றுப் பல ஆண்டு தங்கி, நாடறிந்த கட்டுரையாசிரியர் ஆனாள். ஒரே வேலை, ஒரே அறை அளவு, ஒரே விருந்துகள். ஆகவே, ‘நகரம் பெண்ணைக் கெடுத்தது’ என்று கட்டிமுடித்துவிடும் பெரியோர்களோடு நாம் சேர மாட்டோம். தந்தையை இழந்த துயர், தாயின் கடன், எப்பொழுதும் முதலாவதாக வரவேண்டும் என்ற நெருக்கடி, உடலிலே ஒளிந்திருந்த நோய் என்றெல்லாம் அவள் தன் பெட்டியோடு கொண்டு வந்தவை பல. நகரம் அவற்றை அவிழ்த்துக் காட்டியது.

அந்த ஜூன் மாதத்தைச் சில்வியா விட்டுவிடவில்லை. இங்கிலாந்திலே ஒரு குழந்தைக்குத் தாயாகி, அதனை ஒரு நாவலாக எழுதினாள். ‘தி பெல் ஜார்’ என்பது அதன் பெயர். 1953 ஆம் ஆண்டின் ரோசன்பேர்க் தண்டனையிலிருந்தே கதை தொடங்குகிறது. இருபது பெண்கள் அதில் பன்னிருவர் ஆகின்றனர். பார்பிஸன் ஹோட்டல் ‘அமேஸன்’ ஆகின்றது. ஏபெல்ஸ் அம்மையார் ‘ஜே சீ’ என்னும் பெயரில் வருகின்றார். நண்டு விருந்தும், மொட்டைமாடியும், சுருக்கெழுத்தும் எல்லாம் உண்டு. துன்பக் கதை என்று அஞ்சி எடுப்பவர்கள் அதிலே நகைச்சுவை எவ்வளவு என்று கண்டு வியப்பர். 1963 ஜனவரியில் விக்டோரியா லூக்காஸ் என்ற புனைபெயரில் இலண்டனில் அது வெளிவந்தது. புனைபெயர் வைத்ததற்குக் காரணம், அதில் வருவோர் புண்படுவர் என்ற அச்சம், எல்லோரிலும் தாயார். நூல் வெளியாகி நான்கு வாரத்தில், அந்த ஆண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி, நோய் மீண்டும் மேலிட்ட நிலையில், முப்பது வயதிலே அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள்.

அமெரிக்காவில் அந்நாவல் அச்சேறுவதை ஒரேலியா அம்மையார் விரும்பவில்லை. உதவி செய்தோரையெல்லாம் நன்றிகெட்டுக் கேலி செய்தது போல அது அயலார்க்குத் தோன்றும் என்று அவர் அஞ்சினார். ஆயினும் 1971 இல் அது அங்கும் வெளிவந்து, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. சுருக்கெழுத்து ஆசிரியையான அந்த விதவைத் தாயாரை வாசகர்கள் நாவலின் தாயாகவே கண்டார்கள். அவர் அதனை மறுத்து வழக்காடவில்லை. மகள் தமக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தார், ஆண்டு வாரியாக அடுக்கினார், முன்னுரை எழுதினார், 1975 ஆம் ஆண்டு அவற்றை நூலாக வெளியிட்டார். 1953 ஜூன் மாதத்துக் கடிதங்களும் அதிலே இருக்கின்றன. சாளரத்தினூடாகத் தெரிந்த ஆற்றின் சிறு கீற்றும் இருக்கிறது. தம்பிக்கு எழுதிய கடிதத்தையும் அவர் மறைக்காமற் சேர்த்திருக்கிறார்.